ஒரே ஜாதி மரம் காடு ஆகுமா?

எலவனாசூர்கோட்டையில் சேலம் பஸ் ஏறுகிறவர்கள் கள்ளக்குறிச்சி தாண்டியதும் வலது பக்கம் பார்ப்பார்கள். அங்கே நீல நிறத்தில் நீளமாகத் தெரிவதுதான் கல்வராயன் மலை.

சின்ன மலை அல்ல. அதன் பரப்பு 1,095 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி 2,000 அடியிலிருந்து 3,000 அடி உயரம் வரை இருக்கிறது. இந்த மலையில் பெய்யும் மழைதான் கோமுகி ஆறாகவும் மணிமுக்தா நதியாகவும் கீழே இறங்குகிறது. பிறகு வெள்ளாற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. அடிவாரத்தில் கோமுகி அணை இருக்கிறது. அதன் உயரம் 46 அடி. மலையில் மரம் இருந்தால் அணைக்குத் தண்ணீர் நிதானமாக வரும். மரம் போனால் வெள்ளமும் சேறும் வரும்.

தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. கிட்டே போனால்தான் வித்தியாசம் தெரியும். அடிவாரத்தில் முட்புதர். 400 மீட்டர் உயரத்துக்கு மேல் இலையுதிர் காடு. உச்சியில், ஈரமான பள்ளங்களில், சோலைக்காடு.

இந்தக் காட்டை எப்படிக் காப்பது? மரம் வெட்டலாமா, கூடாதா? ரோடு போடலாமா, கூடாதா? கேள்வி இப்போது கோர்ட்டு வரை போய்விட்டது.

ஐகோர்ட்டு கேட்ட கேள்வி

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. கல்வராயன் மலைக்குச் சாராயம் காய்ச்சும் இடம் என்ற கெட்ட பெயர் வெகு நாளாக உண்டு. அங்கே உள்ள மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அதுவரை அதிகம் பேர் கேட்டதில்லை. ஜூலை மாதம் சென்னை ஐகோர்ட்டு தானாகவே முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாக விசாரித்தது.

ரோடு என்றதும் காடு குறுக்கே வருகிறது. காடு காட்டு இலாகாவுக்குச் சொந்தம். ரோடு மக்களுக்கு வேண்டும். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் "காடு" என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பது தெரியாமல் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

இதே சிக்கல் ஐரோப்பாக் கண்டத்திலும் உண்டு. அவர்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் பார்க்கலாம்.

அரிசி அளவு வண்டு

ஜெர்மனி நாட்டில் கார்லோவிட்ஸ் என்று ஒரு சுரங்க அதிகாரி இருந்தார். வெள்ளிச் சுரங்கத்துக்கும் உலைக்கும் மரம் வெட்டி வெட்டிக் காடு அழிவதைப் பார்த்தார். 1713-ல் ஒரு புத்தகம் எழுதினார். வளர்கிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. நல்ல கருத்துதான்!

பின்னால் வந்தவர்கள் அதைக் கணக்காக மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சீக்கிரம் வளரும் மரம் எது? நேராக வளரும் மரம் எது? ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். அதையே வரிசை வரிசையாக மலை முழுவதும் நட்டார்கள். பலகை கிடைத்தது. பணமும் கிடைத்தது.

2018-ல் கடும் வறட்சி வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் மழை குறைவு. ஸ்புரூஸ் மரத்தின் பட்டையைத் துளைக்கும் ஒரு வண்டு உண்டு. அரிசி மணியைவிடச் சிறியது. நல்ல மரமாக இருந்தால் பிசினைச் சுரந்து வண்டை விரட்டிவிடும். தண்ணீர் இல்லாத மரம் பிசினுக்கு எங்கே போகும்? வண்டு புகுந்தது. பக்கத்து மரமும் அதே ஜாதி. அதற்கும் பக்கத்து மரமும் அதே ஜாதி! மூன்றே ஆண்டுகளில் இரண்டரை லட்சம் ஹெக்டேருக்கு மேல் காடு பாழாயிற்று. ஹார்ஸ் மலையில் குன்று குன்றாகச் சாம்பல் நிறத்தில் பட்ட மரங்கள் நின்றன. இப்போது ஜெர்மானியர் பல ஜாதி மரங்களைக் கலந்து நடுகிறார்கள்.

போலந்து நாட்டில் கதை வேறு. அங்கே பியவோவியெஜா என்ற பழங்காடு இருக்கிறது. மனிதன் நட்ட காடு அல்ல. காட்டெருதுகள் திரியும் காடு. அங்கேயும் அந்த வண்டு வந்தது. வண்டை ஒழிக்கிறோம் என்று சொல்லி, 2016-ல் அரசாங்கம் வெட்டும் அளவை மூன்று மடங்கு ஆக்கியது. ஐரோப்பிய யூனியன் கோர்ட்டுக்கு வழக்குப் போனது. 2018 ஏப்ரலில், வெட்டியது சட்ட விரோதம் என்று தீர்ப்பு வந்தது.

செத்த மரத்தை வெட்டினால் என்ன குற்றம் என்று தோன்றலாம். செத்த மரத்தில்தான் மரங்கொத்தி பொந்து போடும். அது விட்டுப்போன பொந்தில் வேறு பறவை குடியேறும். மக்கிய கட்டையில் நூற்றுக்கணக்கான பூச்சிகள் வாழும். நம் ஊரிலும் அப்படித்தான். கிளியும் ஆந்தையும் பொந்து தேடுகின்றன. அடுக்குத் தேனீ பொந்தில்தான் அடை வைக்கிறது. பட்ட மரத்தை எல்லாம் விறகுக்கு வெட்டிவிட்டால், தேன் எடுக்கப் போகிறவன் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

சந்தனத்துக்குத் துணை

கல்வராயன் மலையிலேயே இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. அது சந்தன மரம்.

சந்தனம் தனியாக வாழாது. அதன் வேர் பக்கத்து மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு சத்தை உறிஞ்சும். பாதி ஒட்டுண்ணி! அதனால்தான் நாற்றங்காலில் சந்தனக் கன்றோடு துவரையும் போடுகிறார்கள். நிலத்தில் நட்ட பிறகு சவுக்கு, புங்கம் போன்ற மரங்கள் துணைக்கு நிற்க வேண்டும். பழத்தைத் தின்ற பறவை போடும் விதையிலிருந்துதான் காட்டில் புதுக் கன்று முளைக்கிறது. துணை மரமும் பறவையும் இல்லாத காட்டில் எத்தனை காவலர் இருந்தாலும் சந்தனம் பெருகாது.

அதே மாதிரிதான் கடுக்காய். மருந்துக்கும் தோல் பதனிடவும் ஆகும் சரக்கு. ஒரு தடவை வெட்டினால் ஒரு வண்டி விறகு. வெட்டாமல் விட்டால் ஆண்டுதோறும் காய். மலைவாசிக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி சமவெளியைப் பார்ப்போம். உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம் பக்கம் தைலமரத்துக்கும் சவுக்குக்கும் பஞ்சமில்லை. சில ஆண்டுகளில் வெட்டலாம். காகித ஆலை வாங்கிக்கொள்ளும். சொந்தப் பட்டா நிலத்தில் ஒரு விவசாயி தைலமரம் வைத்தால் அது அவர் பிழைப்பு. அதைக் குறை சொல்ல முடியாது. கரும்புத் தோட்டம் போல அதுவும் ஒரு தோட்டம். தோட்டத்தைக் காடு என்று கணக்கு எழுதும்போதுதான் வம்பு வருகிறது.

கணக்கு அப்படித்தான் எழுதப்படுகிறது! டேராடூனில் உள்ள இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் செயற்கைக்கோள் படத்தை வைத்துக் காட்டை அளக்கிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு மர நிழல் இருந்தால், அது வனப் பரப்பு. என்ன மரம், யார் நிலம் என்ற கேள்வி கிடையாது. தைலமரமும் ஒன்று, சோலையும் ஒன்று. தமிழ்நாடு அரசு 2022-ல் பசுமை இயக்கம் தொடங்கியது. மாநிலத்தில் வனமும் மரமும் உள்ள பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்குவது நோக்கம். நோக்கம் நல்லது. ஆனால் சதவீதத்தை எட்டுவதற்குச் சுலபமான வழி சீக்கிரம் வளரும் ஒரே மரத்தை நடுவதுதான். ஜெர்மனி போன வழியும் அதுதான்.

75 மரக் கணக்கு

கல்வராயன் மலையில் வாழ்கிறவர்களுக்கு மலையாளி என்று பெயர். கேரள தேசத்தார் அல்ல. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களே சொல்லும் பழங்கதை உண்டு. பேச்சு தமிழ்தான். சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்கள் மலையை ஆண்டார்கள். 1976-ல்தான் அந்த ஆட்சி முடிந்து மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது.

நாலே ஆண்டுகளில், 1980-ல், வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மத்திய அரசு அனுமதி இல்லாமல் காட்டு நிலத்தை வேறு காரியத்துக்கு எடுக்கக் கூடாது. காடு பிழைக்க அந்தச் சட்டம் உதவியது. ஆனால் ரோடும் நின்றது. வனவாசிகளுக்கு உரிமை தரும் சட்டம் 2006-ல் வந்தது. தமிழ்நாட்டில் 2008-ல் கோர்ட்டு உத்தரவு ஒன்று பட்டா கொடுப்பதற்குத் தடையாக நின்றது. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை நீக்கியது. எட்டு ஆண்டுகள் போயே போய்விட்டன!

பிழைப்பு இல்லாத மலைவாசி என்ன செய்வான்? கோடாரி பிடிக்கத் தெரியும். ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டக் கூட்டிப்போகத் தரகர்கள் வருவார்கள். 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். பலர் இது போன்ற மலைகளில் பிறந்தவர்கள். காட்டைக் காக்கிறோம் என்று மக்களை வெறுமனே வெளியே தள்ளினால், அவர்கள் கோடாரி வேறு காட்டில் போய் விழும்.

ரோடு கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. கர்ப்பிணியைத் தொட்டில் கட்டித் தூக்கி வரும் மலைக் கிராமங்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. 2006-ம் ஆண்டுச் சட்டமே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ரோடு, பள்ளிக்கூடம், குடிதண்ணீர் போன்ற 13 காரியங்களுக்குக் காட்டு நிலம் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட இடம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது.

75 என்பது எண்ணிக்கை. அதில் உண்ணிச்செடி மண்டிய இடத்தில் நிற்கும் இளங்கன்றும் இருக்கலாம். மூன்று தலைமுறை காய் கொடுத்த கடுக்காய் மரமும் இருக்கலாம். எந்தப் பக்கம் ரோடு திரும்பினால் எந்த மரம் தப்பும் என்பது மேஜையில் இருக்கும் படத்தில் தெரியாது.

சட்டம் அதற்கும் இடம் விட்டிருக்கிறது. கிராம சபை சிபாரிசு செய்யாமல் அந்த நிலத்தைத் தொட முடியாது. இந்தச் சட்டப்படி கூடும் சபைக்கு 2012-ல் திருத்திய விதி ஒன்று உண்டு. கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். கடுக்காய் பொறுக்குகிறவர்களும், விறகு கொண்டுவருகிறவர்களும், எந்தச் சுனையில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்தவர்களும் அவர்கள்தான்.