முப்பது நாளில் நாவல்: எக்செல் ஷீட்டும் அப்பாவும்

நவம்பர்ல நாவல் எழுதப் போறேன்னு சொன்னா ரூம்மேட் சிரிக்கிறான். சிரிக்கட்டும். போன தடவை நான் அடிச்ச கூத்தைப் பார்த்தவன் ஆச்சே.

நானோரைமோ பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. 1999ல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பாட்டின்னு ஒருத்தர் 21 பேரோட ஆரம்பிச்சது. 30 நாள், 50,000 வார்த்தை. ஒரு நாளைக்கு 1,667. நடத்தின அமைப்பு 2025ல் மூடப்போறதா அறிவிச்சிடுச்சு. அதனாலென்ன, நவம்பர் வராமலா போயிடும்?

போன முறை அக்டோபர் முழுக்கத் தயாரானேன். எக்செல்ல அத்தியாயப் பட்டியல், பாத்திரங்களோட நட்சத்திரம் உட்பட (நிஜமாத்தான்!), தினசரி எண்ணிக்கைக்கு ஒரு கிராஃப். கிராஃப் அழகா வந்தது. நாவல் ஒன்பதாம் நாள் படுத்துடுச்சு. ரிலீஸ், தீபாவளின்னு சாக்கு சொல்லலாம். உண்மை வேற. கதை ஒரு ஸ்பின்னிங் மில்லுல நடக்குது. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வர்றவர் முதல்ல என்ன செய்வார்? தலையில ஒட்டின பஞ்சைத் தட்டுவாரா, டீ கேப்பாரா? தெரியல. மில்லுல 26 வருஷம் வேலை பார்த்த அப்பா, ஊர்ல, ஒரு ஃபோன் தூரத்துல இருக்கார். அவர் வர்ற நேரத்துல நான் தூங்கிட்டே இருந்திருக்கேன்.

என் கட்சி இதுதான்: அவுட்லைன் போடுறது பாதி நேரம் எழுதாம இருக்க ஒரு கௌரவமான வழி. பொட்டி தட்டுற நமக்கு ரொம்பப் பிடிக்கும், டிசைன் டாக்குமென்ட் மாதிரி இருக்கில்ல. தஸ்தயெவ்ஸ்கி 1866ல் 'சூதாடி'யை 26 நாள்ல முடிச்சார்னு உதாரணம் காட்டுவாங்க. சரிதான். அவர் சொல்லச் சொல்ல அன்னா சுருக்கெழுத்துல எழுதினாங்க. ஆனா அப்படிச் சொல்ல முடிஞ்சதுக்கு முன்னாடியே மனுஷன் சூதாட்ட மேஜையில காசை விட்டிருந்தாரே! அந்தத் தயாரிப்பு எந்த ஷீட்லயும் வராது.

அப்புறம் வார்த்தைக் கணக்கு. இங்கிலீஷ்ல 'இன் தி ஹவுஸ்' மூணு, நமக்கு 'வீட்டில்' ஒண்ணு. அதனால நான் 35,000 போதும்னு வச்சிருக்கேன். ஏமாத்து வேலைன்னா திட்டிக்கோங்க :-)

இந்த அக்டோபர்ல எக்செல் கிடையாது. ஞாயிறு தவறாம அப்பாவுக்கு ஃபோன். முதல் வாரம் மில் சங்கு காலையில எத்தனை மணிக்கு ஊதும்னு கேட்டேன், சொன்னார். போன வாரம் அதே கேள்வி, வேற மணி சொன்னார். கூட வேலை பார்த்தவர் பேரும் மாறிடுச்சு. ரெண்டையும் தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன். அம்மாகிட்ட இன்னும் இதைப் பேசல.

ஒண்ணாம் தேதி காலை அஞ்சு மணிக்கு அலாரம்.