ரத்தத்தை 'ஆல்கலைன்' ஆக்க முடியுமா? ஒரு பழைய கிராஃப் சொல்ற பதில் (இழை)

1/ போன வாரம் சாயர்புரத்துல என்கிட்ட ஒரு அண்ணாச்சி வந்தார். உப்பளத்துல வேலை. ரெண்டு காலும் வீக்கம். பி.பி. 180/110. ஏற்கெனவே கிட்னி பாதிப்புக்கு மாத்திரை சாப்பிடுறவர்.

"மாத்திரை எடுக்கலையா அண்ணாச்சி?"

"நிறுத்திட்டேன் சார். காலைல வெறும் வயித்துல ஒரு ஸ்பூன் ஆப்பச்சோடா கலந்து குடிக்கேன். ரத்தம் ஆல்கலைன் ஆயிட்டா ஒரு நோயும் அண்டாதாம்லா. வீடியோல சொன்னான்."

2/ அவரைத் திட்டி என்ன ஆகப்போகுது? அந்த வீடியோவுக்கான பதில் நம்ம பள்ளிக்கூட லேப்லயே இருக்கு.

பிளஸ் டூ-ல டைட்ரேஷன் பண்ணினது ஞாபகம் இருக்கா? பியூரெட்ல இருந்து சொட்டுச் சொட்டா விடுவோம். நிறம் மாறவே மாறாது. கடைசியா ஒரே ஒரு சொட்டு, பட்டுனு பிங்க் ஆயிடும்.

3/ எவ்வளவு காரம் சேர்த்தோம், பி.எச். எவ்வளவு ஏறுச்சுன்னு கிராஃபா போட்டா வர்றதுதான் டைட்ரேஷன் வளைவு. மருத்துவப் படிப்பு முதல் வருஷத்துல அமினோ அமிலங்களுக்கு இதை வரையச் சொல்லுவாங்க. பரீட்சை முடிஞ்சதும் மறந்துடுவோம்.

அந்த வளைவுல சில இடங்கள்ல கோடு கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கும். காரம் ஊத்த ஊத்த பி.எச். பெருசா அசையாது. அதுக்குப் பேர் பஃபர்.

4/ நம்ம ரத்தத்தோட பி.எச். 7.35-ல இருந்து 7.45 வரைக்கும்தான். பெரும்பாலான அமினோ அமிலங்களோட வளைவு இந்த இடத்துல படுக்காது. 2-க்குப் பக்கத்துலயும் 9-க்கு மேலயும்தான் படுக்கும். விதிவிலக்கு ஹிஸ்டிடின். புரதத்துக்குள்ள இருக்கும்போது அது 7-ஐ ஒட்டியே வேலை செய்யும்.

ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறுல 38 ஹிஸ்டிடின் இருக்கு. ஒரு சிவப்பணுவுல கிட்டத்தட்ட 27 கோடி ஹீமோகுளோபின். இதோட பைகார்பனேட், நுரையீரல், கிட்னி. இத்தனை காவல்!

5/ எதுக்கு இவ்வளவு காவல்? பால்ல எலுமிச்சை பிழிஞ்சு பாருங்க. முதல் சில சொட்டுக்கு ஒண்ணும் ஆகாது. பி.எச். 4.6 பக்கம் வந்ததும் கேசீன் புரதத்தோட நிகர மின்னூட்டம் பூஜ்யம் ஆயிடும். ஒண்ணையொண்ணு தள்ளிவிட முடியாம ஒட்டிக்கும். பால் திரிஞ்சிடும். பி.எச். மாறினா புரதம் மாறும். நம்ம உடம்பும் புரதத்தை நம்பித்தான் ஓடுது.

6/ அப்போ ஆல்கலைன் தண்ணி? முதல்ல அது இரைப்பைக்குப் போகுது. அங்க பி.எச். 1.5-ல இருந்து 3.5. அதையும் தாண்டிப் போறதை நுரையீரலும் கிட்னியும் சரி பண்ணிடும். 'பாருங்க, யூரின் ஸ்ட்ரிப் கலர் மாறிடுச்சு'ன்னு காட்டுவாங்க. அது ரத்தம் மாறினதுக்கு அடையாளம் இல்ல. மாறவிடாம கிட்னி வெளியே தள்ளுனதுக்கு அடையாளம்.

7/ ஆனா அண்ணாச்சி உடம்புல ஒண்ணு நிஜமாவே ஏறுச்சு. சோடியம். ஒரு டீஸ்பூன் ஆப்பச்சோடால சுமார் 1,200 மில்லிகிராம் இருக்கு. ஒரு நாளைக்கு 2,000-க்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பாதிச்ச கிட்னியால அதை வெளியேத்த முடியல. மாத்திரையும் இல்ல. கால் வீங்காம என்ன செய்யும்?

8/ 'டாக்டருங்களே சோடா மாத்திரை தர்றீங்களே?'ன்னு கேப்பீங்க. தர்றோம். கிட்னி நோய்ல ரத்தத்துல பைகார்பனேட் குறையும்போது, அளந்து பார்த்து, அளவோட. வீடியோ பார்த்து இல்ல.

9/ இனிமே யாராவது ஆல்கலைன் மெஷின் விக்க வந்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இதைக் குடிச்சா ரத்தத்தோட பி.எச். எவ்வளவு ஆகும்?"

மாறாதுன்னா, காசு தண்ட‌ம். 7.45-ஐத் தாண்டும்னா, அது ஆரோக்கியம் இல்ல. ஆல்கலோசிஸ்னு ஒரு நோய். அதுக்கு நாங்க வைத்தியம் பண்ணுவோம்.

10/ எனக்கு அண்ணாச்சி மேல கோபம் இல்ல. இந்த கிராஃபை மார்க்குக்காக மட்டும் படிச்ச, படிக்க வச்ச எங்க மேலதான். பி.எச். வார்த்தையை நாங்க கிளாஸ்லயே விட்டுட்டு வந்தோம். விக்கிறவன் எடுத்துக்கிட்டான்.

அண்ணாச்சி சோடாவை விட்டுட்டு மாத்திரைக்குத் திரும்பிட்டார். உங்க வீட்டுல யாராவது மாத்திரையை நிறுத்திட்டு இதைக் குடிக்கிறாங்களா? இன்னைக்கே கேட்டுப் பாருங்க.