பியானோத் தேர்வும் பிள்ளையின் செவியும்

புதுக்கடையிலும் அதனைச் சூழ்ந்த முஞ்சிறை, கருங்கல், தேங்காய்ப்பட்டணம் முதலிய ஊர்களிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடந்து செல்பவர்கள், ஆலயத்தின் திறந்த சன்னல் வழியே கீபோர்டின் நாதம் வீதிவரை வந்து தம்மை எதிர்கொள்வதை நன்கு அறிவார்கள். லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வந்தது முதல் இம்மண்ணில் வேரூன்றி வளர்ந்த ஞானப்பாட்டு மரபின் பயனாக, ஸ்டாஃப் நொட்டேஷனில் ஓர் எழுத்தும் அறியாத பத்து வயதுப் பையன்கூடப் பாமாலைப் பாட்டுக்குச் செவிப்பழக்கத்தால் கார்டு பிடித்துவிடுகிறான். இத்தகைய பிள்ளைகளே இன்று லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் பியானோ கிரேடுத் தேர்வுக்கு அனுப்பப்படுகிறார்கள். அவர்களுக்கு அங்கே வாசிக்கத் தரப்படும் பாட்டுகள் எவ்வாறு தெரிவு செய்யப்படுகின்றன என்பதைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த விசாரம்.

என் உறவுப்பெண் ஒருத்தி நான்காம் கிரேடுக்காக ஒரே பாட்டை எட்டு மாதகாலம் அப்பியாசம் செய்து, தேர்விலும் தேறினாள். மறுவாரம் அவள் வீட்டுக்குப் போனபோது அதை ஒருமுறை வாசித்துக்காட்டும்படி கேட்டேன். “பரிச்ச முடிஞ்சாச்சுல்லா மாமா, இனி அது எதுக்கு?” என்றாள். அந்தப் பாட்டை அவளுக்குத் தெரிவு செய்த மாஸ்டர், முந்திய ஆண்டு வேறொரு மாணவனுக்கு அதில் நல்ல மார்க் கிடைத்தது என்ற காரணத்துக்கு மேல் வேறெதையும் யோசிக்கவில்லை. பட்டியலில் இருந்த மற்றப் பாட்டுகளுள் ஒன்றையேனும் அவள் காதில் போட்டுக் கேட்டவர் யாருமில்லை.

ட்ரினிட்டி 1872இல் தோன்றி, 1877 முதல் தேர்வு நடத்திவரும் ஸ்தாபனம். அதன் நேர்முகத் தேர்வின் 100 மார்க்கில் மூன்று பாட்டுகளுக்குத் தலா 22 வீதம் 66 மார்க் போய்விடுகிறது. ஸ்கேல் முதலிய பயிற்சிகளுக்கு 14, ஏனைய சோதனைகளுக்கு 20. பாட்டுக்குரிய 22இலும் 8 மார்க், வாசிப்பவர் அதன் பாவத்தை உணர்ந்து கேட்பவர் உள்ளத்தில் சேர்ப்பிக்கிறாரா என்பதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. தனக்கே பிடிக்காத ஒன்றைப் பிறருக்கு உணர்த்த எந்தக் குழந்தையால் இயலும்? ஆகவே ரசனையைப் பார்த்துத் தெரிவு செய்தால் மார்க் குறையும் என்ற பயம் ஆதாரமற்றது.

மூன்றாம் கிரேடு முதல் ஐந்தாம் கிரேடு வரையுள்ள இடைநிலைப் பருவத்துக்கென்றே மேதைகள் எழுதி வைத்திருப்பவை அநேகம். ஷூமான் தம் மூத்த மகளின் பிறந்தநாளை முன்னிட்டு 1848இல் எழுதத் தொடங்கிய ‘இளையோர் தொகுதி’யில், வயலிலிருந்து களிப்போடு வீடு திரும்பும் உழவனைப் பற்றிய சிறு பாட்டு ஒன்று உண்டு. அதில் மெட்டு பெரும்பாலும் இடது கையில் நடக்க, வலது கை மெல்லத் துணைநிற்கும். எந்நேரமும் வலக்கையில் மெட்டும் இடக்கையில் கார்டுமாகவே பழகிய நம் ஆலயத்துப் பிள்ளைகளுக்கு இந்த மாற்றம் ஒரு புதிய திறப்பு. மாலை வேளையில் வரப்பில் நடந்து திரும்புகிறவர்களைக் கண்டு வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைக்கு அந்த உழவனை யாரும் விளக்கவும் வேண்டியதில்லை. புர்க்முல்லரின் 25 பயிற்சிப் பாட்டுகளுள் ‘பாலாட்’, இடி முழக்கத்துக்கு முந்திய நிமிஷத்தைப் போல உள்ளடங்கிய குரலில் தொடங்கி மேலெழும். துடுக்கான பையன்கள் அதை விடமாட்டார்கள். பார்ட்டோக்கோ, கிராமங்களில் திரட்டப்பட்ட ஹங்கேரிய, ஸ்லோவாக்கிய நாடோடி மெட்டுகளையே, ஆக்டேவ் தூரத்தை எட்டிப் பிடிக்க இயலாத சிறுகைகளுக்கு ஏற்றவாறு அமைத்துத் தந்தார். வில்லுப்பாட்டுக் கேட்ட செவிக்கு அவற்றின் ஒழுங்கற்ற தாளம் அந்நியமாகத் தோன்றாது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஒரு நடைமுறைச் சங்கடத்தைப் பெற்றோர் கவனிக்கவேண்டும். நம் வீடுகளில் உள்ளது பெரும்பாலும் 61 கட்டை உள்ள கீபோர்டு. பியானோவுக்கோ 88 கட்டை. கடற்காற்றின் ஈரத்தில் மரம் உப்பிக் கம்பி துருப்பிடிக்கும் இவ்வூரில், அசல் பியானோவைப் பேணுவது எளிதன்று என்பதை நான் அறிவேன். எனினும், விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஓசை ஏறி இறங்காத கருவியில் பழகிய பிள்ளை, நீண்ட பெடலும் மெல்லிய நாதமும் வேண்டும் பாட்டைத் தேர்வறையில் முதன்முறையாக மெய்யான பியானோவில் தொடும்போது திகைத்துப்போகிறது. கனமான கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோ கிடைக்கும் வரையில், தாளமும் துள்ளலும் மிகுந்த பாட்டுகளை நாடுவதே விவேகம்.

தேர்வுக்குக் கற்றது தேர்வோடு முடியவேண்டும் என்பதில்லை. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை கற்ற இளையராஜா, ட்ரினிட்டியின் கிட்டார்த் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்றவர். அவர் கற்ற மேனாட்டு இசைமேதை பாக்கின் சங்கீதம் தேர்வறையோடு நின்றுவிடாமல் 1986இல் ‘ஹௌ டு நேம் இட்’ என்னும் தொகுப்பாகவே விளைந்தது.

தேர்வுக்குரிய மூன்றில் ஒன்றுக்குப் பதிலாகத் தானே இயற்றியதை வாசிக்கவும் ட்ரினிட்டி இடம் தருகிறது. இந்த உரிமையை நம் மாஸ்டர்மார் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன், பட்டியலில் உள்ள பாட்டுகளில் பத்தையாவது பிள்ளையை உட்கார்த்திக் கேட்கச் செய்யுங்கள். எதைக் கேட்டு முடித்ததும் மறுபடியும் போடச் சொல்கிறதோ, அதிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.