பச்சைத் தண்ணீருக்கு மருந்து தேடுமுன் மோட்டார் அறையைத் திறந்து பாருங்கள்

கொஞ்சம் நீண்ட பதிவுதான். பொறுமையாக உட்கார்ந்து படியுங்கள்.

இந்தக் கோடையில் மட்டும் மூன்று பேர் எனக்கு ஃபோன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், தோப்புல கட்டுன நீச்சல் குளம் பச்சையாயிருச்சு. என்ன மருந்து போடலாம்?" ஒருவர் ராஜபாளையம், இன்னொருவர் ஸ்ரீவில்லிபுத்தூர், மூன்றாமவர் என் சொந்தத் தங்கை மகன். வேதியியல் வாத்தியார் என்பதால் மருந்துப் பெயரை எதிர்பார்க்கிறார்கள். மூவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "மருந்து அப்புறம். முதல்ல மோட்டார் ஓடுதா, ஃபில்டர் வடிகட்டுதா, அதைச் சொல்லு." ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

இது பணக்கார வீட்டுப் பிரச்சினை, நமக்கென்ன என்று நகர்ந்துவிடாதீர்கள். நம் தலைமுறை நீச்சல் படித்தது கமலைக் கிணற்றில். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மேலே இருந்து மாமா தள்ளிவிடுவார். போர்வெல் வந்த பிறகு அந்தக் கிணறுகள் பல வற்றிவிட்டன, சில குப்பைக்குழி ஆகிவிட்டன. இன்றைய பிள்ளைகளில் நிறையப் பேருக்கு நீச்சல் தெரியாது. ஆனால் லீவு நாளில் கண்மாய்க்கும் கல்குவாரிக் குழிக்கும் போவது மட்டும் நிற்கவில்லை. உலகம் முழுவதும் 2021-இல் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பங்கு குழந்தைகளும் இளைஞர்களும்தான். அதனால் நம் பக்கம் அங்கங்கே தோப்புகளில் வந்திருக்கும் நீச்சல் குளங்களை நான் ஆடம்பரமாகப் பார்க்கவில்லை. ஒழுங்காக வைத்திருந்தால் அது பத்துக் குடும்பத்துப் பிள்ளைகளின் உயிரைக் காக்கும். பச்சையாக விட்டால் அதுவே ஒரு பிள்ளையின் உயிரை எடுக்கும். அடி தெரியாத தண்ணீரில் ஒரு குழந்தை மூழ்கிக் கிடந்தால், நான்கு அடி தள்ளி நிற்பவர் கண்ணுக்குக்கூடத் தெரியாது.

சரி, தண்ணீர் ஏன் பச்சையாகிறது? பாசி. வெயில், வெதுவெதுப்பான தண்ணீர், உள்ளே விழும் மாவிலையும் தென்னம்பூவும் கொடுக்கும் சத்து, இவை போதும் அதற்கு. அய்யனார் கோயில் ஆற்றில் இந்தப் பச்சை தங்குவதில்லை, காரணம் அது ஓடுகிறது. கோயில் குளத்துக்கு வரத்துக்கால் உண்டு, மீன் உண்டு, தூர்வாருதல் என்ற வழக்கம் இருந்தது. சிமென்ட் தொட்டிக்கு இவை எதுவும் கிடையாது. மோட்டார்தான் அதற்கு ஆறு. ஃபில்டரில் இருக்கும் மணல்தான் அதற்கு ஆற்றுப்படுகை. அந்த ஆறு நின்றுபோன பிறகு மருந்தை ஊற்றினால், ஊற்றிய மூலையில் அது வேலை செய்யும், மற்ற மூலையில் பாசி வளர்ந்துகொண்டேயிருக்கும்.

மருமகன் தோப்புக் குளத்தையே உதாரணமாகச் சொல்கிறேன். 30 அடி நீளம், 15 அடி அகலம், சராசரி நாலரை அடி ஆழம். அதாவது சுமார் 57,000 லிட்டர். நான் போவதற்கு முன்பே மூன்று விதமான மருந்து ஊற்றியாகிவிட்டது, அதில் ஒன்று மயில்துத்தம். தண்ணீர் பச்சையிலிருந்து கரும்பச்சை ஆனதுதான் மிச்சம். மோட்டார் அறையைத் திறந்தால் கதை புரிந்தது.

மோட்டார் ம்ம்ம் என்று முனகியது, சுற்றவில்லை. வோல்டேஜ் ஏறி இறங்கியதில் கண்டென்சர் போயிருந்தது. அதை மாற்றியதும் ஓடியது, ஆனால் குளத்துக்குள் வரும் தண்ணீரோடு காற்றுக் குமிழியும் வந்தது. மோட்டாருக்கு முன்னால் இலை பிடிக்கும் கூடையின் மூடியில் ரப்பர் வாசர் காய்ந்து வெடித்திருந்தது. அந்த வழியாகக் காற்றை உறிஞ்சினால் தண்ணீரை எப்படி முழுதாக இழுக்கும்? பிரஷர் மீட்டரின் முள், மோட்டார் ஓடினாலும் நின்றாலும் ஒரே இடத்தில் நின்றது. ஃபில்டரின் தலையில் இருக்கும் திருப்பு வால்வுக்குள் வாசர் தேய்ந்து, வடிகட்ட வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு கழிவுக் குழாய் வழியே வெளியே போய்க்கொண்டிருந்தது. "குளம் லீக் ஆகுது மாமா, டைல்ஸை உடைச்சுப் பாக்கணும்" என்று மருமகன் கவலைப்பட்டானே, அந்த லீக் இதுதான். கடைசியாக ஃபில்டரைத் திறந்தால் மணல் கட்டிகட்டியாக இறுகி, நடுவில் எலி வளை மாதிரி ஒரு வழி. தண்ணீர் மணலைத் தொடாமலே அந்த வழியில் போய் வந்துகொண்டிருந்தது.

ஐந்து கோளாறு. டைல்ஸுக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் எல்லாம் சேர்த்து ஒன்றுமே இல்லை. ஆனால் மதுரையிலிருந்து வாசர் வரவும், சரியான அளவில் சலித்த சிலிக்கா மணல் கிடைக்கவும், தெரிந்த ஆள் வரவும் 11 நாள் ஆனது. அதன் பிறகு தண்ணீர் தெளிய 5 நாள்தான். இந்தக் கணக்கை மனதில் வையுங்கள்.

அந்த 5 நாளில் என்ன செய்தோம்? முதலில் இலை தழையை வலையால் முழுக்க அள்ளினோம். அது உள்ளே கிடந்தால் போடுகிற குளோரினை எல்லாம் அதுவே தின்றுவிடும். அடுத்து பி.எச். அளவை 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் கொண்டுவந்தோம். குளோரினில் கிருமியைக் கொல்லும் பகுதி ஹைப்போகுளோரஸ் அமிலம். பி.எச். 7.5-இல் அது ஏறக்குறைய பாதி இருக்கும், 8-இல் கால்வாசிதான். நம்மூர் போர் தண்ணீரில் பி.எச். கூடுதலாக இருந்தால், போடும் குளோரினில் முக்கால் பங்கு சோம்பேறியாகக் கிடக்கும்.

குளோரினைச் சாயங்காலம் போட்டோம். பகலில் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வெயில் பாதியை அழித்துவிடும். இந்த அளவுக் குளத்துக்கு பத்து லட்சத்தில் 10 பங்கு குளோரின் வேண்டுமென்றால் 570 கிராம் தேவை. 30 சதவீத ப்ளீச்சிங் பவுடரில் அது சுமார் 1.9 கிலோ. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். தூரிகையால் சுவரைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும். ராத்திரி அளந்த குளோரின் விடியற்காலையில் அநேகமாகக் குறையாமல் இருந்தால், பாசி செத்துவிட்டது என்று அர்த்தம்.

"ஒரு தடவை ஓட்டுனா எல்லாத் தண்ணியும் வடிகட்டிருமே சார்?" என்று அங்கே வந்த பழைய மாணவன் கேட்டான். அதுதான் இல்லை, தம்பி. வடிகட்டிய தண்ணீர் அழுக்குத் தண்ணீரோடு மறுபடி கலக்கிறது. அந்த மோட்டார் 6 மணி நேரத்தில் 57,000 லிட்டரைத் தள்ளும். ஆனால் ஒரு சுற்றில் குளத்து நீரில் சுமார் 63 சதவீதம்தான் ஃபில்டரைப் பார்த்திருக்கும். இரண்டு சுற்றில் 86, மூன்றில் 95, நான்கில் 98. அதாவது முழு ஒரு நாள். தினமும் ஒரு மணி நேரம் ஓட்டி கரண்ட் பில்லை மிச்சம் பிடித்தால் பாசிதான் மிஞ்சும்.

மருந்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த சாட்சி ஒன்று இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக். மரியா லெங்க் நீச்சல் மையத்தின் டைவிங் குளம் ஆகஸ்ட் 9 அன்று பச்சையாகிவிட்டது. தொடக்க விழா நாளில் ஒரு ஒப்பந்ததாரர் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியதாகப் பின்னால் தெரிவித்தார்கள். பெராக்சைடும் குளோரினும் ஒன்றையொன்று அழித்துவிடும். குளோரின் செத்தது, பாசிக்குக் கொண்டாட்டம். பக்கத்துக் குளமும் நிறம் மாறியது. கலைநீச்சல் வீராங்கனைகள் தண்ணீருக்கடியில் ஒருவரையொருவர் பார்த்தாக வேண்டும் என்பதால், அந்தக் குளத்தின் தண்ணீரையே இறைத்துவிட்டு, பயிற்சிக் குளத்திலிருந்து லட்சக்கணக்கான லிட்டர் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். ஒலிம்பிக் நடத்துகிறவர்களுக்கே இந்தக் கதி. கடைக்காரர் சொல்வதையெல்லாம் கலந்து ஊற்றும் நமக்கு என்ன ஆகும்?

இதில் ஒரு எச்சரிக்கை. பி.எச். குறைக்கும் ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒரே வாளியில், ஒரே நேரத்தில் சேர்க்காதீர்கள். வருவது குளோரின் வாயு. 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர ஊரில் போர்முனையில் அவிழ்த்துவிட்டது இதே வாயுவைத்தான். இன்னொன்று, மோட்டாருக்கு எர்த் இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். அடியிலுள்ள வடிகால் மூடி உடைந்திருந்தாலும் இறக்காதீர்கள். அந்த உறிஞ்சும் விசை குழந்தையின் கையையும் முடியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இனி நான் சொல்ல வந்த கருத்து. நம்மிடம் கட்டுவதற்குப் பணம் இருக்கிறது, காப்பதற்கு மனம் இல்லை. திறப்பு விழாவுக்குப் பந்தி போடுகிறோம், ஃபில்டர் மணல் மாற்றக் கணக்குப் பார்க்கிறோம். தோட்டக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, குளம் பச்சையானதும் அவரைத் திட்டுகிறோம். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? மருமகன் தோட்டத்து அண்ணாச்சி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பரிசோதனைக் குப்பியின் நிறத்தைப் பார்த்து பி.எச். சொல்ல இரண்டே நாளில் படித்துக்கொண்டார். புது மீட்டரில் சுத்தமான மணலுக்கு முள் எங்கே நிற்கிறது என்று ஃபில்டர் மேலேயே எழுதி வைத்தோம். அதைவிட 8, 10 ஏறினால் தண்ணீரைத் திருப்பிவிட்டு மணலைக் கழுவுகிறார். அந்தக் கழிவைத் தென்னை மூட்டில் விடாமல் தனிக் குழியில் விடுகிறார். இப்போது நோட்டுப் போட்டு எழுதுகிறார். இந்த வேலைக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றேன். மருமகன் ஒத்துக்கொண்டான்.

அவனுக்கு இன்னொரு யோசனையும் இருக்கிறது. "வருஷத்துல ரெண்டு மாசம்தான் வர்றோம் மாமா. பேசாம மண்ணைப் போட்டு மூடிரலாமா?" அது தப்பான கேள்வி இல்லை. ஆள் வைத்துக் காக்க முடியாதவர்கள் மூடிவிடுவதே நேர்மை. நடுவழி மட்டும் கூடாது. வேலி இல்லாமல், மோட்டார் ஓடாமல், பச்சையாகத் திறந்து கிடக்கும் குளம்தான் மூன்றிலும் மோசம். ஆனால் என் விருப்பம் என்னவென்று கேட்டால், மூட வேண்டாம் என்பேன். மாதச் செலவைச் சொந்தத்துக்குள் நான்கு வீடு பகிர்ந்துகொள்ளலாம். அடுத்த கோடையில் நம் வீட்டுப் பிள்ளைகள், தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள் உட்பட எல்லாரும், நீச்சல் தெரிந்த ஒரு பெரியவர் கரையில் நிற்க, அங்கே படிக்கட்டும். அவன் இன்னும் முடிவு சொல்லவில்லை. சித்திரை வரை நேரம் கேட்டிருக்கிறான். உறவினர்கள் இதைப் படிப்பதால், நீங்களும் அவனிடம் பேசுங்கள்.

இறங்கலாமா வேண்டாமா என்பதற்கு ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன். ஆழமான இடத்தில் ஐந்து ரூபாய்க் காசைப் போடுங்கள். கரையிலிருந்து பார்த்துப் பூவா தலையா என்று சொல்ல முடிந்தால் தண்ணீர் தெளிவு. சொல்ல முடியாவிட்டால் எந்தப் பிள்ளையும் இறங்கக் கூடாது, எந்த விருந்தாளி வந்திருந்தாலும் சரி.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தக்காரரிடம் டைல்ஸ் நிறத்தைக் கேட்கும் முன் இந்த நான்கையும் கேளுங்கள். மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும்? வாசரும் கண்டென்சரும் எங்கே கிடைக்கும்? மணலை யார், எப்போது மாற்றுவார்? என் ஆளுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்? பதில் இல்லாவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கட்டி முடித்ததும் நீலத் தண்ணீரைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறீர்கள், சந்தோஷம். அடுத்த முறை மோட்டார் அறையையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்துத்தான் மார்க் போடுவேன்.