எண்பது வயதிலும் அவசரம்தான்



“எண்பத்திரண்டு வயசாச்சு. இனிமேலும் அவரைப் போட்டுப் படுத்தணுமா?”

பெரியவருக்குப் பக்கவாதம் என்றதும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. பாசத்தில் கேட்பதுதான். ஆனால் மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. மூத்த மகன் ஊரிலிருந்து வந்து முடிவு சொல்லட்டும் என்று காத்திருந்தால், அவர் வரும்போது முடிவெடுக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய கட்டிகள் பல அதற்கும் அசைந்து கொடுப்பதில்லை. அப்போதுதான் த்ராம்பெக்டமி. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே கழுத்து வழியாக மூளை வரை கொண்டுபோகிறார்கள். கட்டிக்குள் வலைபோன்ற ஸ்டென்ட்டை விரித்து, சில நிமிடம் பொறுத்து, கட்டி சிக்கியதும் வலையோடு வெளியே இழுக்கிறார்கள். மண்டையைத் திறப்பதில்லை.

இந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்பதை உறுதியாகக் காட்டிய முதல் பெரிய ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது. ‘எம்.ஆர். க்ளீன்’ என்ற அந்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளியானது. 16 மருத்துவமனைகள், 500 நோயாளிகள். எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம், வயதுக்கு மேல்வரம்பே வைக்கவில்லை என்பது. மூன்று மாதம் கழித்துத் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 19 பேர். கட்டியை எடுக்கும் சிகிச்சையும் சேர்ந்தவர்களில் 33 பேர். மறுவருடம் ஐந்து ஆய்வுகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, எண்பதைத் தாண்டியவர்களுக்கும் பலன் தெளிவாகவே தெரிந்தது.

எல்லாரும் எழுந்து நடந்துவிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். வயதானவர்களின் ரத்தக்குழாய்கள் நெளிந்து வளைந்திருக்கும். குழாய் ஏறவே நேரமாகும். இளையவர்களைவிட இறப்பும் அதிகம். ஏற்கெனவே படுக்கையில் இருப்பவர், மறதி நோய் முற்றியவர் என்றால் டாக்டரும் குடும்பமும் வேறு மாதிரி யோசிக்கலாம். அதில் தவறே இல்லை. ஆனால் நேற்றுவரை தானே குளித்து, கடைக்குப் போய் வந்தவரை, பிறந்த வருடத்தை மட்டும் பார்த்து ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை.

வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் உடனே 108. வாயில் தண்ணீரோ காபியோ ஊற்ற வேண்டாம், புரையேறும். சி.டி. ஸ்கேனும், ரத்தக்குழாய்க்குள் குழாய் செலுத்தும் கேத் லேபும் உள்ள மருத்துவமனை பக்கத்தில் எது என்பதை இன்றே விசாரித்து வையுங்கள்.

அங்கே முதலில் கேட்பது, “கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?” என்றுதான். காலையில் கண் விழிக்கும்போதே கை வரவில்லை என்றால், இரவு படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள். ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய பகுதி தெரிந்தால், சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட கட்டியை எடுக்கலாம் என்று 2018-இல் வெளியான ‘டான்’ ஆய்வு காட்டியிருக்கிறது.

மாத்திரைச் சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். இதயத் துடிப்புக் கோளாறுக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் நிறைய. அவர்களுக்குப் பெரும்பாலும் கரைக்கும் ஊசி போட முடியாது. ஆனால் குழாய் வழியே கட்டியை எடுக்க அந்த மாத்திரை தடையல்ல.

அன்புடன்,
ஆசிரியர்