கரிப்பாறையும் கார்பனேட்டும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா மாநிலங்களில் நிலக்கரிச் சுரங்கங்களினின்று வழிந்த நீர், பல ஓடைகளைச் செந்நிறமாக்கி மீனினத்தை அழித்தது. கரியோடு கலந்துள்ள பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு, காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலத்தைத் தோற்றுவித்தலே இதற்குக் காரணம். அவ்வமிலத்தை முறிக்கும் ஆற்றல் பாறையிலுள்ள கார்பனேட்டுக் கனிமங்களுக்கு உண்டு. ஆகவே, தோண்டுமுன் அவற்றை அளந்தறிதல் அங்கு வழக்கமாயிற்று.

அளத்தல் மட்டும் போதுமோ? போதாது. சுண்ணாம்புக் கார்பனேட்டாகிய கால்சைட்டும், மக்னீசியம் கலந்த டோலமைட்டும் அமிலத்தை மெய்யாகவே முறிப்பன. இரும்புக் கார்பனேட்டாகிய சிடரைட்டோ முறிப்பது போலத் தோன்றி ஏமாற்றும். அதினின்று கரையும் இரும்பு, பின்னர்க் காற்றுப்பட்டுத் துருவாய்ப் படியுங்கால், முறித்த அளவு அமிலத்தை மீண்டும் ஈனும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1978-இல் வெளியிட்ட ஆய்வுமுறை இவ்வேறுபாட்டைச் செவ்வனே காட்டவில்லை. சிடரைட் மிக்க பாறையும் நற்பாறையென மதிப்புப் பெற்றது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு சேர்த்து, இரும்பை ஆக்ஸிகரணம் செய்த பின்னரே கணக்கிடும் திருத்தம் பிறகுதான் வந்தது.

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு துளி விட்டால் கால்சைட் உடனே நுரைக்கும். டோலமைட் பொடித்தால்தான் நன்கு நுரைக்கும். சிடரைட் சூடாக்கினாலன்றிப் பெரும்பாலும் வாளாவிருக்கும். எளிய சோதனைதான், எனினும் மூன்றும் கலந்து கிடக்கும் பாறையில் கண் தடுமாறும். அங்கே எக்ஸ் கதிர்ச் சோதனையே தக்கது. அதற்குச் செலவு மிகுதியெனத் தயங்குவோர், கெட்ட ஓடைக்குப் பல்லாண்டுகள் சுண்ணாம்பிடும் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.