நம் ரொட்டிக்கும் ஒரு மேசை வேண்டும்

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு பாடசாலையில் உணவுக் கண்காட்சி நடந்தது. ஒரு மேசையில் பாற்சோறும் கொக்கிஸும். அடுத்ததில் யாழ்ப்பாணத்து ஒடியற்கூழ். முஸ்லிம் வீடுகளின் வட்டிலப்பமும் பறங்கியரின் லம்பிரைஸும் இருந்தன. நம் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "சேர், நம்ம சாப்பாடு எங்க?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை. அவளுடைய பைக்குள் ரொட்டியும் சம்பலும் இருந்தன. வெளியே எடுக்க வெட்கப்பட்டாள்.

தோழர்களே, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ரொட்டி வட இந்தியச் சொல். சம்பல் மலாய்ச் சொல். மிளகாய் போர்த்துக்கேயரோடு வந்தது. மாசி மாலைதீவின் பெயர்பெற்ற பண்டம். கொக்கிஸ்கூட ஒல்லாந்தர் விட்டுப்போன பலகாரம்தான். வந்தவர்கள் எல்லோரும் கொண்டுவந்து சேர்த்ததுதான் இந்தத் தீவின் சாப்பாடு. நம்மோடு மலைக்கு வரும் கிராமத்துச் சிங்களச் சகோதரிகள் பத்து மணித் தேத்தண்ணீருக்கு நம் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களுடைய சோற்றுப் பார்சலில் நமக்கும் ஒரு பிடி உண்டு. கொழுந்து மலையில் இல்லாத பிரிவினை கண்காட்சி மேசையில் எதற்கு?

ஆனால் பெருமை பேசியதோடு நாம் நின்றுவிட முடியாது. விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு ஓடும் தாய்க்குக் கறி சமைக்க நேரமில்லை, காசுமில்லை. ஒரு ரொட்டி பகல்வரை வயிற்றைத் தாங்கும் என்பதால்தான் அது நம் காலைச் சாப்பாடானது. 1973–74 பஞ்சத்தில் அந்த மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. 2022இல் மா விலை ஏறியபோது எத்தனை லயங்களில் அடுப்பு ஒரு வேளையோடு நின்றது என்பது நமக்குத் தெரியும்.

2016ஆம் ஆண்டின் அரசாங்க சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர் என்றது. தோட்டங்களில் ஏறக்குறைய 32 பேர். பல்லின நாட்டின் உணவு வளம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் அதே மேசையில் வைக்கட்டும்.

நாம் கேட்பது பெரிதல்ல. ரொட்டியோடு பருப்பும் முட்டையும் வாங்கக் கட்டுப்படியான சம்பளம் வேண்டும். கீரை, போஞ்சி, முருங்கை நட்டுக்கொள்ள நம் பெயரில் உறுதியுள்ள காணித் துண்டு வேண்டும். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்கு ஒழுங்கான ஒரு நேரச் சாப்பாடு வேண்டும்.

1948இல் நம் குடியுரிமையைப் பறித்தார்கள். அதை மீட்க நம் பெற்றோர் பல்லாண்டு போராடினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டியை ஒளிக்க வேண்டியதில்லை. அடுத்த கண்காட்சியில் நம் தாய்மார் ரொட்டி, இடிசம்பல், சாயத்தண்ணீரோடு ஒரு மேசை போடட்டும். மேசைக்கு மேலே நம் கோரிக்கைகளையும் எழுதி ஒட்டுவோம்.